பதினாறு சென்டிமீட்டர்

மணியை அடித்தது பட்டாணிதான். அதை யாரும் மறுக்கவில்லை, பட்டாணியே மறுக்கவில்லை. பன்னிரண்டரைக்கு அடிக்க வேண்டிய சாப்பாட்டு மணியைப் பன்னிரண்டு இருபதுக்கு அடித்துவிட்டாள். மணி அடிக்கும் பெரியவர் கழிவறைக்குப் போயிருந்தார். கயிறு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு வயதுக் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கயிறு தொங்கினால் என்ன நடக்குமோ அது நடந்தது. அறுநூறு பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார்கள். பத்து நிமிடம் முன்னதாகச் சாப்பிட்டார்கள். யாருக்கும் வயிறு வலித்ததாகத் தகவல் இல்லை.

நானாக இருந்தால் அரைமணி நேரம் வகுப்புக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் அந்த வருடம்தான் ‘சிறு தவறு, பெரும் கவனம்’ என்ற திட்டம் வந்திருந்தது. பிள்ளைகள் செய்யும் எந்தத் தவறையும் பள்ளிக்கூடம் தானாக விசாரிக்கக் கூடாது, காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். தலைமையாசிரியை நல்ல மனுஷிதான். “நமக்கெதுக்கு வம்பு” என்று போனை எடுத்தார். நல்ல மனுஷர்கள் எல்லோரும் அந்த வருடம் இதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத்தான் போனை எடுத்தார்கள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மூன்று வேன்கள் வந்தன. தலைக்கவசம், கேடயம், தடி சகிதம் பதினொரு பேர் இறங்கினார்கள். வகுப்பறைக் கதவு திறந்தே இருந்தது. கதவை உடைத்து உள்ளே புக வேண்டும் என்று விதி சொன்னதால் ஒருவர் போய் அதை மரியாதையாகச் சாத்தினார், பிறகு உடைத்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரும் சுவரைப் பார்த்துக் கையைத் தலைமேல் வைத்து நிறுத்தப்பட்டார்கள். மூன்று பேர் நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போனார்கள். அது ‘அரசு நடவடிக்கைக்கு இடையூறு, மூன்று’ என்று பதிவாயிற்று.

பட்டாணி மேசைக்கு அடியில் இருந்தாள். மலை என்று எல்லோரும் கூப்பிடுகிற காவலர் அவளைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். குப்புறப் போட்டு முதுகில் முழங்காலை வைத்தார். மலையின் எடை நூற்றுப் பத்து கிலோ; பட்டாணி பதினேழு. மூச்சு முட்டியதும் கண்ணுக்கு எதிரே இருந்த கட்டை விரலைக் கடித்துவிட்டாள். மலை ஓர் அறை விட்டார். இரண்டு நாளாக ஆடிக்கொண்டிருந்த முன்பல் தெறித்துக் கரும்பலகைக்கு அடியில் விழுந்தது. அதைத் தேடி எடுத்துக் காகித உறையில் போட்டு ‘தாக்குதல் ஆயுதம், ஒன்று’ என்று சீட்டு ஒட்டினார்கள்.

பட்டாணியின் அம்மா தோல் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள். பதினான்கு வருடமாகக் கட்டை விரல் தைக்கும் பிரிவு. கையுறையில் கட்டை விரல்தான் கஷ்டம், மற்ற நான்கையும் யார் வேண்டுமானாலும் தைத்துவிடலாம் என்பாள். பேருந்தில் கம்பியைப் பிடித்திருக்கிற கைகளைப் பார்த்தே இவர் எட்டு, அவர் ஒன்பதரை என்று எண் சொல்லுவாள். புருஷன் சரக்குக் கப்பலில் சமையல்காரன், வருடத்துக்கு ஒருமுறை தலைகாட்டுவான். மேற்பார்வையாளர் வந்து, “உன் பொண்ணை ஸ்டேஷன்ல வச்சிருக்காங்களாம்” என்றதும், தோல் துணுக்குகள் ஒட்டிய ஏப்ரனோடும் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடும் ஓடி வந்தாள்.

காவல் நிலையத்தின் முன்னறையில் ஒரு நீள மேசை, அதன் மேல் நூல் கட்டிய பதிவேடு. மூலையில் தண்ணீர்க் குடம், குடத்து டம்ளருக்கும் சங்கிலி. சுவரோரப் பெஞ்சில் பட்டாணி உட்கார்ந்திருந்தாள். கால் தரையைத் தொடவில்லை. சட்டையின் முன்பக்கம் பூராவும் இரத்தம் காய்ந்திருந்தது. இரண்டு கையிலும் பெரிய கைவிலங்கு கிடந்தது.

“அம்மா!” என்று கத்தி இரண்டு கையையும் நீட்டினாள் பட்டாணி. விலங்கு நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் தலையை நிமிர்த்திக் கடிகாரத்தைப் பார்த்தார்.

“எட்டு. மணி ரெண்டு நாப்பது” என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

“எட்டுன்னா என்ன சார்?”

“தப்பிச்சது.”

“எங்க சார் தப்பிச்சா? இங்கதான இருக்கா?”

“கையை விட்டு விலங்கு போனா தப்பிச்சதா அர்த்தம்மா. ஆள் எங்க இருக்காங்கறதெல்லாம் ரெண்டாம்பட்சம்.”

முதல் ஏழு முறை எப்படித் தப்பித்தாள் என்பதையும் எழுத்தர் படித்துக் காட்டினார். மூக்கைத் துடைத்தது மூன்று, கொசு அடித்தது ஒன்று, விழுந்த பல்லின் இடத்தைத் தொட்டுப் பார்த்தது இரண்டு, “மிஸ், பாத்ரூம்” என்று கையைத் தூக்கியது ஒன்று. எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. ஒவ்வொரு முறையும் மலை விலங்கை எடுத்துத் திரும்ப மாட்டினார், மாட்டிவிட்டுத் தலையில் ஒரு குட்டு வைத்தார். குட்டுக்குப் பதிவேட்டில் இடம் ஒதுக்கப்படவில்லை.

ஆய்வாளர் உள்ளறையிலிருந்து வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான குரல். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு, “உட்காரும்மா, பயப்படாத” என்றார்.

“எனக்குக் குழந்தைங்கன்னா உயிரு. எனக்கே ரெண்டு இருக்கு. நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சா ரெண்டும் மூச்சுகூட விடாது, அவ்வளவு பாசம். அதனாலதான் சொல்றேன், இங்க யாரும் உன் பொண்ணுக்கு எதிரி இல்ல. போன வாரம் ஒரு நகைக்கடைச் சுவத்துல துளை போட்டவனைப் பிடிச்சோம். என்ன மாதிரி மனுஷன் தெரியுமா! கையை நீட்டுன்னோம், நீட்டினான். விலங்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உட்கார்ந்தது. சாயங்காலமே வீட்டுக்குப் போயிட்டான். போறப்போ எல்லாருக்கும் கை குடுத்துட்டுப் போனான். சட்டத்துக்கு ஒத்துழைச்சா சட்டம் யாரையும் ஒண்ணும் பண்ணாதும்மா.”

“சார், மணி அடிச்சதுக்கா சார் இவ்வளவும்?”

“மணியை விடு. மணிக்கு ஒரு கையெழுத்துப் போட்டுட்டு நீ கூட்டிட்டுப் போலாம். ஆனா இவ எட்டுத் தடவை காவல்லேர்ந்து தப்பிச்சிருக்கா. பத்து வரைக்கும் அது முயற்சி. பதினொண்ணு ஆயிடுச்சுன்னா பழக்கம். பழக்கம்னா ஆறு மணி வண்டியில சீர்திருத்த இல்லம். விசாரணைக்கு ஒண்ணரை வருஷம் ஆகும். நான் கையைக் கட்டிக்கிட்டுப் பார்க்கறதைத் தவிர வேற வழி இல்ல.”

சீர்திருத்த இல்லத்தைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். தொழிற்சாலையில் பக்கத்து இயந்திரக்காரியின் பையன் அங்கே நான்கு மாதம் இருந்துவிட்டு வந்தான். வந்ததிலிருந்து அவன் கட்டிலுக்கு அடியில்தான் தூங்குகிறான். மணி மூன்று ஆகியிருந்தது. அந்த விலங்கு இனிமேல் இரண்டே முறைதான் விழலாம்.

அம்மா பெஞ்சில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மலை விலங்கை மாட்டினார்.

“பட்டாணி, விரலை எல்லாம் நல்லா விரிச்சு வச்சுக்கோ. கையை அசைக்காத. மூக்கு அரிச்சா அம்மாகிட்ட சொல்லு, அம்மா சொறிஞ்சு விடறேன்.”

“கை வலிக்குதும்மா.”

“வலிக்கும் கண்ணு. விரிச்சே வச்சுக்கோ.”

ஒரு மணி நேரம் குழந்தை அப்படியே இருந்தாள். அம்மா மூக்கைத் துடைத்துவிட்டாள், கொசுவை ஊதி விரட்டினாள், சங்கிலி எட்டிய மட்டும் டம்ளரை இழுத்து மீதித் தூரத்துக்கு உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி வந்து கொடுத்தாள். நான்கு மணிக்குப் பட்டாணிக்குத் தூக்கம் வந்துவிட்டது. தூக்கத்தில் விரல்கள் குவிந்தன. விலங்கு விழுந்த சத்தத்தில்தான் அவள் விழித்தாள்.

“ஒம்போது” என்றார் எழுத்தர்.

“தூங்கினதுக்குமா சார்?”

“தூங்கற மாதிரி இருந்து தப்பிக்கறதுதாம்மா இருக்கறதுலயே மோசம். திட்டம் போட்டுப் பண்றது.”

கெஞ்சினால் வேலைக்கு ஆகாது என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. ஏப்ரன் பையில் கைவிட்டாள். மெல்லிய ஆட்டுத்தோல் துணுக்கு, ஊசி, மெழுகு நூல் இருந்தன. கால்மணி நேரத்தில் இரண்டு தோல் பட்டைகள் தைத்தாள், உள்பக்கம் மெத்தென்று மடித்து. பட்டாணியின் மணிக்கட்டில் பட்டை, அதற்கு மேல் விலங்கு. கச்சிதமாக நின்றது. பட்டாணி கையை ஆட்டிப் பார்த்தாள், அப்போதும் நின்றது. நிலையமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. “என் வாட்ச்சுக்கு ஒண்ணு இதே மாதிரி…” என்று எழுத்தர் இழுத்தார்.

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். “அருமை. கைவேலைன்னா இதுதான்.” பிறகு நிமிர்ந்து, “கழட்டு” என்றார்.

“ஏன் சார்? நிக்குதே சார்?”

“நிக்குதும்மா. ஆனா அரசாங்கத்தோட விலங்குக்கும் குற்றவாளியோட கைக்கும் நடுவுல ஒரு தனியார் பொருள் வரலாமா? இன்னைக்குத் தோல் வரும். நாளைக்குப் பஞ்சு வரும். அப்புறம் வலிக்கவே வலிக்காது. வலிக்காத விலங்கை யாரும்மா மதிப்பாங்க?”

பட்டைகள் பறிமுதல் ஆயின. ஊசி ‘கூரான ஆயுதம்’ ஆயிற்று. எழுத்தர் இதையும் தப்பித்தல் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டார். ஆய்வாளர் பெருந்தன்மையாக வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்த யோசனை மலையுடையது. ஒரு வளையத்தைத் தன் கையில் மாட்டிக்கொண்டு மற்றதைப் பட்டாணியின் கையில் மாட்டினார். தான் நகராமல் உட்கார்ந்திருந்தால் இவள் எங்கே போவாள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பத்து நிமிடம் கழித்துத் தொலைபேசி அடித்தது. மலை பழக்கதோஷத்தில் எழுந்து ஓடினார். குழந்தை பெஞ்சிலிருந்து விழுந்து, ஒரு கையில் தொங்கியபடி தரையோடு இழுபட்டுப் போனாள். மேசைக் காலில் தலை மோதியது, அந்த இடத்தில் கை கழன்றது. மலையின் மணிக்கட்டில் ஒற்றை வளையம் காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

“பத்து” என்றார் எழுத்தர்.

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அதுதான் தப்பாகப் போயிற்று. நூற்றுப் பத்து கிலோ மனிதரால் பதினேழு கிலோவுக்கு முன்னால் பட்ட அவமானத்தைத் தாங்க முடியவில்லை. அவர் பூட்ஸ் காலால் உதைத்தார். பட்டாணி சுருண்டாள். இரண்டாவது உதைக்கு அம்மா குறுக்கே விழுந்தாள், அது அவள் விலாவில் இறங்கியது. பிறகு தடி. தோளில் இரண்டு, முதுகில் ஒன்று. ஆய்வாளர் “மெதுவாப்பா, பேப்பர் எல்லாம் பறக்குது” என்று கடிந்துகொண்டார்.

மணி ஐந்தேகால். இன்னும் ஒருமுறை விழுந்தால் ஆறு மணி வண்டி. அவள் தரையில் உட்கார்ந்தபடியே கத்தினாள்.

“சார், இது பதினாறு சார்! விலங்கைக் கடைசிப் பல்லு வரைக்கும் இறுக்கினாலும் பதினாறு சென்டிமீட்டர். இவ கை பன்னிரண்டு. யார் மாட்டினாலும் நிக்காது. நாலு சென்டிமீட்டர் பத்தல சார். நான் பதினாலு வருஷமா கைக்குத்தான் சார் தைக்கறேன், சத்தியமா சொல்றேன், அளவு பத்தல!”

அந்த நிலையத்தில் அதுவரை யாரும் எதையும் அளந்து பார்த்ததில்லை. ஆய்வாளர் அவள் கழுத்திலிருந்த நாடாவை எடுத்து முதலில் விலங்கை அளந்தார், பிறகு பட்டாணியின் மணிக்கட்டை அளந்தார். பதினாறு, பன்னிரண்டு. அவர் முகம் மலர்ந்தது.

“இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல ஒரு படிச்சவன்கூட எனக்கு இதைச் சொன்னதில்ல. எழுந்திரிம்மா. இங்க வந்து உட்காரு. நீ நிபுணி. சொல்லு, இந்த நாலு சென்டிமீட்டருக்கு என்ன வழி?”

முதல்முறையாக ஒருவர் தன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறார் என்று அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தெரிந்ததையெல்லாம் சொன்னாள். துணிக் கயிறு போதும் என்றாள். சின்ன அளவில் விலங்கு வார்க்கலாம் என்றாள். கை அளவு ஒரே மாதிரி இருக்காது, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றாள்.

“வெயில் காலத்துல எங்க ஆளுங்களுக்குக் கை வீங்கும் சார். எட்டு போடறவங்க ஒம்போது கேப்பாங்க…”

“வீங்குமா?” என்றார் ஆய்வாளர்.

அந்த ஒரு சொல்லைத் திரும்ப விழுங்குவதற்காகத் தன் இரண்டு கைகளையும் அவள் வெட்டிக் கொடுத்திருப்பாள். யாரும் கேட்கவில்லை.

இரண்டு பேர் அவளைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தினார்கள். “நிக்கணும்னு நீதானம்மா கேட்ட? உன் பொண்ணு வீட்டுக்கு வரணுமா வேணாமா?” என்று அதில் ஒருவர் நயமாகக் கேட்டார். பட்டாணியின் வலது கையை மேசைமேல் நீட்டி வைத்தார்கள். முதலில் மரத்தால் ஆன அடிக்கோல். நாலு அடிக்கு ஒருமுறை எழுத்தர் நாடாவைச் சுற்றி அளவைச் சொன்னார்.

“பன்னிரண்டரை.”

“அம்மா! அம்மா!”

“பதிமூணு. வேலை செய்யுது ஐயா.”

அடிக்கோல் ஒடிந்தது. மலை தடியை எடுத்தார். “இனிமே மணி அடிக்க மாட்டேன், மணி அடிக்க மாட்டேன்” என்று பட்டாணி ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுத்தர் ஒரு கையால் அதை வாக்குமூலமாகக் குறித்துக்கொண்டார். பதினான்கில் காய்ந்த குச்சி ஒடிவது போல ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு குழந்தை கத்தவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அம்மாதான் கத்தினாள். அந்தக் கத்தலை நான் எழுதப் போவதில்லை, எனக்கு எழுத வரவில்லை.

பத்து நிமிடம் பொறுத்திருந்தார்கள். கை தானாகவே வீங்கிப் பதினாறுக்கு வந்து சேர்ந்தது. மலை விலங்கை மாட்டினார். கிளிக் என்றது. ஆய்வாளர் மெல்ல இழுத்துப் பார்த்தார். வரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

“பாத்தியாம்மா? மனசு வச்சா முடியாதது இல்ல. பதினொண்ணு ஆகல. நீ தாராளமா கூட்டிட்டுப் போலாம்.”

விலங்கைக் கழற்றினார்கள். இடது கைக் கட்டை விரலை மையில் தோய்த்து வாக்குமூலத்தில் ஒற்றினார்கள். விடுவிப்புச் சீட்டில் ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். அம்மா மகளை மடியில் வைத்திருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

“சார், கை ஒடஞ்சிருக்கு. யார்கிட்ட புகார் குடுக்கணும்?”

“என்கிட்டதான்.”

“எழுதிக்கோங்க.”

“நீ குடுக்க முடியாதேம்மா. கை உன்னோடது இல்லையே. கைக்கு உரியவங்கதான் குடுக்கணும். அவ குடுக்கலாம்னா, அவ மைனர். மைனர் புகார் செல்லாது.”

“இப்ப வாக்குமூலம் குடுத்தாளே, அது மட்டும் செல்லுமா?”

“அது வேறம்மா. தப்பை ஒத்துக்க வயசு எதுக்கு? புகார் குடுக்கத்தான் ஒரு பக்குவம் வேணும்.” அவர் எழுந்து, கனிவோடு பட்டாணியின் கன்னத்தைத் தட்டினார். “நல்லாச் சாப்பாடு போட்டு வளர்த்தும்மா. அடுத்த தடவை வர்றப்போ கை கொஞ்சம் பருமனா இருக்கணும். இன்னைக்கு எங்க ஆளுங்க பட்ட பாடு போதும்.”

அவள் மகளைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். ஒடிந்த கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு போனாள். பதினான்கு வருடம் தோலை இழுத்துக் காய்த்துப்போன கையால் ஆய்வாளரின் முகத்தில் அடித்தாள். தொப்பி பறந்தது. இரண்டாவது அடியில் மூக்கு உடைந்து பதிவேட்டில் இரத்தம் தெளித்தது. மூன்றாவதில் அவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். அதற்குள் மற்றவர்கள் வந்துவிட்டார்கள். மூன்று போதவில்லை என்பது என் கருத்து.

கீழே தள்ளி முழங்காலை வைத்தார்கள். ஒரு தடி, பிறகு நான்கு தடிகள். மலை அவள் கையைப் பின்னால் முறுக்கி விலங்கை மாட்டினார். கிளிக். ஒரே தடவையில் நின்றது. இழுத்தால் அசையவில்லை. மத்தியானத்திலிருந்து அந்த நிலையம் பட்ட கஷ்டமெல்லாம் தீர்ந்தது போல எல்லோரும் மூச்சு விட்டார்கள். “அப்பாடா” என்று எழுத்தர் புதுப் பக்கம் திருப்பினார்.

ஆய்வாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விடுவிப்புச் சீட்டைப் பார்த்தார். “பெற்றுக்கொள்பவர்” என்ற இடம் காலியாக இருந்தது. பெற்றுக்கொள்பவர் காவலில் இருந்தார். விடுவிக்கப்பட்ட குழந்தையை ஆள் இல்லாமல் வெளியே விட விதி இல்லை. வெளியே ஆறு மணி வண்டி ஹாரன் அடித்தது.

“அதுல ஏத்திடு” என்றார்.

பட்டாணி பெஞ்சிலிருந்து இறங்கி, ஒடிந்த கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, தரையில் கிடந்த அம்மாவிடம் வந்தாள். முதுகுப் பக்கம் குனிந்து விலங்கைப் பார்த்தாள். அழவில்லை. காதருகே வந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்.

“அம்மா, அழாத. இது ரொம்ப ஈஸி. கட்டை விரலை உள்ள மடக்கிக்கோ. மெதுவா இழு. தானா வந்துடும்.”

அவள் மடக்கினாள். இழுத்தாள். தோல் உரிந்து விரல் முட்டிவரை இரத்தம் வந்தது. விலங்கு அதற்குமேல் வரவில்லை.

மலை குழந்தையை இடுப்பில் அள்ளித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பட்டாணி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, இப்போது எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள்.

“கட்டை விரலும்மா! நீ சரியாவே மடக்கல!”